வாசகர் கேள்வி பதில்: பனி வருமுன் தேனீப் பெட்டி

உறைபனி விழும் இடங்களில் தேனீ வளர்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். அளவுகள் எல்லாம் இத்தாலியத் தேனீ போன்ற மேற்கத்திய இனங்களுக்கும், பத்துச் சட்டம் (தேனீ அடை கட்டும் மரச் சட்டகம்) பிடிக்கும் லாங்ஸ்ட்ராத் பெட்டிக்கும் உரியவை. மாதப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். உங்கள் பகுதியில் முதல் உறைபனி விழும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கேள்வி: குளிர்கால ஏற்பாட்டை எப்போது தொடங்க வேண்டும்? இலை உதிர ஆரம்பித்ததும் தொடங்கினால் போதுமா?

போதாது. கடைசித் தேனை எடுத்த வாரமே தொடங்கிவிட வேண்டும். காரணம் தேனீயின் உடம்புக்குள் இருக்கிறது.

கோடையில் பிறக்கும் பணித்தேனீ ஐந்தாறு வாரம் உழைத்துவிட்டுச் செத்துப்போகும். கோடை முடிந்து குளிர் பிடிப்பதற்குள் பிறக்கும் தேனீக்கள் வேறு மாதிரி. அவை ஐந்தாறு மாதம் உயிரோடிருந்து, குளிர் முழுக்க ராணியைக் கதகதப்பாகக் காத்து, வசந்தத்தின் முதல் புழுக்களுக்குப் பால் ஊட்டிய பிறகுதான் மடியும். இந்த ஆயுளைத் தருவது அவற்றின் வயிற்றுப் பகுதியில் சேர்ந்திருக்கும் கொழுப்புத் திசு. குளிர்காலத்துக்கான புரதச் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. வெளியே மகரந்தமே இல்லாத நாளில் புழுவுக்குப் பால் சுரப்பதும் அதைக் கரைத்துத்தான்.

தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணி வாய் வைப்பதும் அதே திசுவில். உண்ணி தேனீயின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். வளர்ந்த தேனீயில் அதன் முக்கிய உணவு கொழுப்புத் திசுவே என்பதைச் சாமுவேல் ராம்சியும் அவரது குழுவும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோடை முடிவில் ராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்வாள்; உண்ணியோ குறையாது. இருக்கும் கொஞ்சம் புழு அறைகளுக்குள் எல்லா உண்ணியும் போய் நெருக்கும். அந்த அறைகளில் வளர்வதுதான் உங்கள் குளிர்காலத் தேனீ. பனி தொடங்கிய பிறகு மருந்து வைத்தால் உண்ணி சாகும், ஆனால் பழுதாகிப் பிறந்த தேனீயின் உடம்பு தேறாது. நடுக்குளிரில் கூட்டம் கைப்பிடியாகச் சுருங்கும்.

ஆகவே முதல் உறைபனிக்கு எட்டு முதல் பத்து வாரத்துக்கு முன்பே உண்ணி அடங்கியிருக்க வேண்டும். தீனி, வாசல், மூடி எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: சட்டங்களை எடுத்து நன்றாகப் பார்த்தேன். ஒரு உண்ணிகூடக் கண்ணில் படவில்லை. அப்படியும் மருந்து தேவையா?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான உண்ணிகள் மூடிய புழு அறைகளுக்குள் இருக்கும். வெளியே இருப்பவையும் தேனீயின் வயிற்றுக்கு அடியில், செதில் இடுக்கில் செருகிக்கொண்டு இருக்கும். தேனீயின் முதுகில் உண்ணி தெரிகிறதென்றால் நிலைமை ஏற்கெனவே மோசம் என்று அர்த்தம்.

கழுவி எண்ணுவதுதான் வழி. புழு உள்ள சட்டம் ஒன்றை எடுங்கள். ராணி அதில் இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். தேனீக்களை ஒரு தட்டில் உதறி, அரைக் கோப்பை, அதாவது 120 மி.லி. அளவு மொண்டெடுத்தால் ஏறக்குறைய 300 தேனீ இருக்கும். மூடியுள்ள பாட்டிலில் போட்டு, அவை மூழ்கும்வரை தேய்ப்பு ஆல்கஹால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றி ஒரு நிமிடம் குலுக்குங்கள். பிறகு தேனீ தங்கி உண்ணி மட்டும் இறங்கும் அளவு கண்ணுள்ள வலையில் வடிகட்டி, வெள்ளைத் தட்டில் விட்டு எண்ணுங்கள். செம்பழுப்பு நிறத்தில், கடுகைவிடச் சிறிதாக, நண்டு ஓடு போல அகன்று தட்டையாக இருக்கும். எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்பது வரும். கோடை முடிவில் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று வந்தாலே மருந்து வைக்க வேண்டிய நேரம்தான். முந்நூறு தேனீயைக் கொல்ல மனம் வராதவர்கள் பொடிச் சர்க்கரையில் புரட்டி உதறலாம், ஆனால் அதில் எண்ணிக்கை குறைவாகவே காட்டும்.

எந்த மருந்து என்பதை வெயிலும் புழுவும் முடிவு செய்யும். ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் போகும். ஆனால் வெயில் 29 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வைத்தால் ராணி சாகலாம். தைமால் 15 டிகிரிக்குக் கீழே சரியாக ஆவியாகாது. ஆக்ஸாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகவே போகாது. எனவே அதன் முழுப் பலன் குளிரின் நடுவில், புழுவே இல்லாத நாட்களில்தான் கிடைக்கும். சொட்டு முறைக்கு, சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்த பாகு 1 லிட்டரில் 35 கிராம் ஆக்ஸாலிக் அமில டைஹைட்ரேட் கரைத்து, தேனீ நிறைந்த ஒவ்வொரு சட்ட இடுக்கிலும் 5 மி.லி. வீதம் விடுங்கள். ஒரு பெட்டிக்கு மொத்தம் 50 மி.லி.யைத் தாண்டக் கூடாது. ஒரே குளிர்காலத்தில் சொட்டு முறையைத் திரும்பச் செய்தால் தேனீயையே வாட்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உங்கள் நாட்டில் அனுமதியுள்ள தயாரிப்பையே வாங்கி, லேபிளில் போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கழுவி எண்ணுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பெட்டிகள் நொடியும்போது உங்கள் தேனீ அங்கே கொள்ளைக்குப் போய்த் தேனோடு உண்ணியையும் சுமந்து வரும்.

கேள்வி: குளிருக்கு எவ்வளவு தேன் விட்டுவைப்பது? என்னிடம் பெரிய தராசு இல்லை.

குளிர் நீண்டு கடுமையாக இருக்கும் இடங்களில் 27 முதல் 40 கிலோ. மிதமான குளிருக்கு 15 முதல் 20 கிலோ. இரண்டு பக்கமும் தேன் அறைகளுக்கு மெழுகு மூடி போட்ட பெரிய சட்டம் ஒன்றில் சுமார் 2.7 முதல் 3 கிலோ தேன் இருக்கும். 30 கிலோ வேண்டுமென்றால் நிறைந்த பெரிய சட்டம் பத்து, பதினொன்று.

பெரிய தராசு தேவையில்லை. பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். அடிப்பலகையின் ஒரு பக்கத்தில் கொக்கியை மாட்டி, பெட்டி தாங்கியிலிருந்து விரற்கடை எழும்பும் அளவு தூக்கி எடையைக் குறியுங்கள். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. காலிச் சட்டங்களோடு அதே அளவுப் பெட்டி, பலகை, மூடி ஆகியவற்றின் எடையை முன்கூட்டியே நிறுத்து வைத்திருந்தால், கழித்துக்கொள்ளலாம். தேனீக்கும் மகரந்தத்துக்கும் மூன்று நான்கு கிலோ தள்ளுங்கள். மிச்சம் தேன்.

எடை சரியாக இருந்தும் இடம் தவறினால் பயனில்லை. குளிரில் தேனீக்கூட்டம் மேலே ஏறும். பக்கவாட்டில் நகரத் தயங்கும். இரண்டு அடுக்கு வைப்பவர்கள் புழுவும் தேனீயும் கீழ் அடுக்கின் நடுவிலும், தேன் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கின் ஓரங்களிலும் இருக்கும்படி இலையுதிர் காலத்திலேயே அமைத்துவிடுங்கள். நடுவில் காலிச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது.

கேள்வி: தேன் குறைவாக இருக்கிறது. சர்க்கரைப் பாகு எந்த விகிதத்தில், எத்தனை நாள் கொடுக்கலாம்?

குளிருக்கு முன் சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, எடைக் கணக்கில். 10 கிலோ சர்க்கரைக்கு 5 லிட்டர் தண்ணீர் என்றால் சுமார் 11 லிட்டர் பாகு வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு சர்க்கரையைக் கொட்டிக் கலக்குங்கள். சர்க்கரை போட்ட பின் அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அடி கருகும். கருகிய சர்க்கரை தேனீக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் சேர்க்க வேண்டாம். அமிலமும் சூடும் சேர்ந்தால் பாகில் உண்டாகும் பொருள் தேனீக்கு நஞ்சு. 10 கிலோ சர்க்கரை, அறைகளில் இறங்கி மூடிய பின் சுமார் 11, 12 கிலோ சேமிப்பாக நிற்கும்.

அவசரம் ஒன்று இருக்கிறது. வாங்கிய பாகில் மிச்ச நீரைத் தேனீக்கள் விசிறி ஆற்றி, ஈரம் 18 சதவீத அளவுக்கு இறங்கிய பிறகே மெழுகு மூடி போடும். அதற்கு வெயில் வேண்டும். பகல் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அவை பாகைத் தொடவே மாட்டா. அரைகுறையாக ஆறிய பாகு குளிரில் புளித்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். எனவே முதல் உறைபனிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பாகு வேலையை முடித்துவிடுங்கள். சிறிது சிறிதாக ஊற்றாமல், ஒரே முறையில் நான்கைந்து லிட்டர் பிடிக்கும் மேல்தட்டில் வையுங்கள். சொட்டுச் சொட்டாகக் கிடைத்தால் பூ வந்துவிட்டதென்று ராணி முட்டையிட ஆரம்பிப்பாள். சேமிப்பு புழுவுக்குப் போய்விடும்.

மாலையில் ஊற்றுங்கள், வாசலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்குங்கள், தரையில் ஒரு துளிகூடச் சிந்த விடாதீர்கள். பூ இல்லாத காலத்தில் சிந்திய பாகின் வாசனை ஒரு மணி நேரத்தில் கொள்ளையை மூட்டிவிடும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் அல்லது கடையில் வாங்கிய தேன் கொடுக்கலாமா? இயற்கையானது நல்லதுதானே?

வேண்டாம். வெல்லத்திலும் பழுப்புச் சர்க்கரையிலும் உள்ள தாதுக்களும் கசடும் தேனீயின் குடலில் தேங்கும். மாதக்கணக்கில் வெளியே போய் மலம் கழிக்க முடியாத தேனீக்கு அது தண்டனை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத தேனில் அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துக்கள் இருக்கலாம். அவை பல பத்தாண்டு சாகாமல் கிடக்கும்.

கேள்வி: பெட்டியை நன்றாகப் போர்த்தி, இடுக்கெல்லாம் அடைத்துவிட்டால் தேனீக்குக் கதகதப்பாக இருக்கும் அல்லவா? காற்று வேண்டும் என்று சிலர் சொல்வது குழப்புகிறது.

தேனீ பெட்டியைச் சூடாக்குவதில்லை, தன் கூட்டத்தை மட்டும் சூடாக்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். வெளிவெப்பம் 14 டிகிரி அளவுக்கு இறங்கியதும் தேனீக்கள் ராணியைச் சுற்றிப் பந்தாகத் திரளும். உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கும். வெளியே இருப்பவை தலையை உள்நோக்கி வைத்து நெருங்கி நின்று போர்வையாகும். புழு இல்லாதபோது பந்தின் நடுவில் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும். மேற்பரப்பில் 10 டிகிரி சுற்றி இருக்கும். பந்துக்கு ஒரு சாண் தள்ளி, பெட்டிக்குள்ளேயே, வெளிக்குளிர்தான்.

இந்தச் சூட்டுக்கு எரிபொருள் தேன். தேன் எரிந்தால் தண்ணீர் வரும். 1 கிலோ தேனில் ஏற்கெனவே இருக்கும் நீரும், சர்க்கரை எரிந்து உண்டாகும் நீரும் சேர்ந்தால் ஏறக்குறைய முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குளிர் முடிவதற்குள் 20 கிலோ தேன் செலவானால் பெட்டிக்குள் 13 லிட்டர் அளவு நீர் ஆவியாக வெளிப்பட்டிருக்கும். அந்த ஈரக்காற்று மேலே ஏறி, இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பில் முத்து முத்தாகப் படியும். மூடி வெறும் பலகையாகவோ தகரமாகவோ இருந்தால் அந்தப் பரப்பு மூடியின் உட்புறம்தான், நேராகப் பந்தின் உச்சிக்கு மேலே. அங்கிருந்து சொட்டும். காய்ந்த தேனீ கடுங்குளிரையும் தாங்கும். நனைந்த தேனீ ஓரிரவு தாங்காது.

ஆகவே முதல் வேலை மூடிக்குக் காப்பு. உள்மூடிக்கும் மேல்மூடிக்கும் இடையே 5 செ.மீ. தடிமன் நுரைப்பலகை வையுங்கள். மூடி சூடாக இருந்தால் நீர் பக்கச் சுவரில் படிந்து வழியும், தேனீ மேல் சொட்டாது. பின்பக்கத் தாங்கியில் ஒரு மெல்லிய பலகையைச் செருகி, பெட்டி வாசல் பக்கமாக ஒன்றிரண்டு செ.மீ. சாயும்படி செய்தால் வழிந்த நீர் வெளியே போய்விடும். மேலே பெருவிரல் நுழையும் அளவு ஒரு துளை இருந்தால் ஈரக்காற்றும் வெளியேறும், கீழ் வாசலைப் பனி மூடினாலும் வழி இருக்கும். ஈரம் மிகுந்த இடங்களில் மரச்சீவல் பெட்டி நல்லது: ஆழம் குறைந்த பெட்டியின் அடியில் துணி அடித்து, 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த சீவல் பரப்பி, பக்கங்களில் வலை போட்ட காற்றுத் துளை வைத்து, சட்டங்களுக்கு மேலே வைப்பது. சீவல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும்.

சுவரைச் சுற்றிக் கருந்தார்க் காகிதம் சுற்றுவது காற்றைத் தடுக்கும், வெயில் சூட்டைப் பிடிக்கும். செய்யலாம், ஆனால் இரண்டாம் பட்சம். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுவது மட்டும் கூடாது. மேல் துளையே வேண்டாம், மூடியைக் கனமாகக் காத்தால் போதும் என்று வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வலுவான கூட்டங்களில் அதுவும் நடக்கிறது. காப்பில்லாத மூடியோடு அடைத்த பெட்டிதான் எந்த வழியிலும் தேறாது.

கேள்வி: மேல் அடுக்கில் தேன் இருக்கிறது. ராணி தடுப்புத் தகட்டை அப்படியே விடலாமா?

எடுத்துவிடுங்கள். தேனைத் தேடிக் கூட்டம் மேலே ஏறும்போது ராணி மட்டும் தகட்டுக்குக் கீழே தனியாக நின்று குளிரில் விறைத்துவிடுவாள். வசந்தத்தில் தேனும் தேனீயும் இருக்கும், முட்டை இருக்காது.

கேள்வி: நான்கு சட்டம் தேனீ உள்ள இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டையும் காப்பாற்ற முடியுமா?

கடுங்குளிர் என்றால் இரண்டாக இருந்தால் இரண்டுமே போகும். பந்து சிறுத்தால் அதன் பருமனோடு ஒப்பிடும்போது பரப்பு கூடும், சூடு வேகமாகப் போகும். எட்டுச் சட்டமாவது தேனீ நிறைந்து நிற்பதுதான் நம்பிக்கை தரும் அளவு. சேர்த்துவிடுங்கள். ஆனால் சேர்க்கும் முன் ஏன் மெலிந்தன என்று பாருங்கள். நோயால் மெலிந்ததை நல்லதோடு சேர்த்தால் நல்லதும் கெடும். புழு குழிந்து, மூடி ஓட்டையாகி, நாற்றம் இருந்தால் சேர்க்கவே கூடாது.

இரண்டு ராணிகளில் சீராக முட்டையிடும், இளைய ராணியை வைத்துக்கொண்டு மற்றவளை முதல் நாளே நீக்குங்கள். மாலையில் ராணி உள்ள பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் நாலைந்து துளை குத்தி, மற்றப் பெட்டியை அதன் மேல் வையுங்கள். மேலே உள்ளவைக்குக் காற்று போக வழி விடுங்கள். தாளைக் கடித்துத் துளைத்து இரண்டு கூட்டமும் கலப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும். நாலைந்து நாளில் வாசலில் காகிதத் துணுக்குகள் கிடக்கும். அதன் பின் திறந்து சட்டங்களை ஒழுங்கு செய்யலாம்.

கேள்வி: எலி உள்ளே புகுந்து அடையைத் தின்றுவிட்டது. என்ன தடுப்பு?

வாசல் உயரம் 9 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, அல்லது அதே அளவு துளையிட்ட உலோகத் தகட்டை வாசலில் அடியுங்கள். மரத்தை எலி கடித்துப் பெரிதாக்கும். இரவு குளிரத் தொடங்கியதுமே மாட்டுங்கள். எலி குடியேறிய பின் மாட்டினால் அதை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கேள்வி: நடுக்குளிரில் பெட்டியைத் திறக்காமல் உயிர் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பெட்டிப் பக்கத்தில் காதை வைத்து விரலால் ஒரு தட்டு. சட்டென்று எழுந்து சில நொடியில் அடங்கும் ரீங்காரம் நல்ல அறிகுறி. அடங்காமல் ஓலம் போல நீண்டால் ராணி இல்லாமலோ பசியாலோ இருக்கலாம். வாசலில் செத்த தேனீ கிடப்பது இயல்புதான், வயதானவை உதிரும். அவை குவிந்து வழியை அடைக்காமல், வளைத்த கம்பியால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இழுத்துவிடுங்கள். 10 டிகிரிக்கு மேல் வெயில் வந்த நாளில் தேனீ வெளியே பறந்து, பனி மேல் மஞ்சள் புள்ளி விழுந்தால் மகிழுங்கள்: மலம் கழித்துவிட்டு வருகின்றன. வாசலிலும் முன்சுவரிலும் பழுப்புக் கோடாக வழிந்திருந்தால் வயிற்றுப்போக்கு, நோசிமா என்ற குடல் நோயாகவும் இருக்கலாம். நுண்நோக்கியில் பார்த்தால்தான் உறுதி.

மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் தூக்கி எடை பாருங்கள். குளிர் நாளில் எக்காரணத்துக்கும் சட்டத்தை வெளியே எடுக்காதீர்கள். பந்து உடைந்தால் மறுபடி கூடுவதற்குள் பல விறைத்துவிடும்.

கேள்வி: குளிர் முடிவில் திறந்தேன். கை அகலக் கூட்டம் செத்துக் கிடந்தது. தேனீக்கள் தலையை அறைக்குள் விட்டு, வால் மட்டும் வெளியே தெரிய நின்றன. இரண்டு சட்டம் தள்ளித் தேன் அப்படியே இருக்கிறது. தேன் இருந்தும் ஏன் பட்டினி?

காலி அறையின் அடியை நக்கியபடியே அவை உயிர் விட்டிருக்கின்றன. அந்தக் காட்சிக்கு வேறு அர்த்தம் கிடையாது. தொடர்ந்து கடுங்குளிர் அடித்த நாட்களில் பந்து இறுகும். அது தொட்டுக்கொண்டிருக்கும் தேன் தீர்ந்ததும் அடுத்த சட்டத்துக்குப் போக முடியாது. பெரிய கூட்டம் ஆறேழு சட்டத்தில் பரவி நிற்பதால் ஏதாவது ஒரு பக்கம் தேனைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சிறிய கூட்டத்துக்கு அந்தத் தொடுகை இல்லை. எனவே கூட்டம் ஏன் சிறுத்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. காலிப் புழு அறைகளின் கூரையை, சட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புத் துணுக்கு போல வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது உண்ணியின் எச்சம். பட்டினிக்கு முன்பே உண்ணி வேலையை முடித்திருக்கிறது.

இனி வரும் குளிருக்கு, பந்தின் நேர் மேலே சர்க்கரைக் கட்டி வையுங்கள். 5 கிலோ சர்க்கரையில் 350 முதல் 400 மி.லி. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் ஈர மணல் பதத்துக்கு வரும். தட்டில் 3 செ.மீ. உயரத்துக்கு அழுத்தி, இரண்டு நாள் காயவிட்டால் கல்லாக இறுகும். சட்டங்களின் மேல் 5 செ.மீ. உயர வளையச் சட்டம் ஒன்றை வைத்து, அதற்குள் கட்டியை வைத்து மூடுங்கள். எழும் ஈரத்தை உறிஞ்சிக் கட்டி இளகும், தேனீ நக்கும். வெளியே 2, 3 டிகிரியில் வைக்க நேர்ந்தாலும், காற்றில்லாத மதியத்தில் மூடியைத் தூக்கி அரை நிமிடத்தில் வேலையை முடித்தால் பாதகமில்லை.

செத்த பெட்டியின் சட்டங்களை அடுத்த கூட்டத்துக்குத் தரும் முன் மூடிய புழு இருந்தால் தீக்குச்சியால் குத்தி இழுங்கள். பழுப்புக் கூழ் நூலாக இரண்டு செ.மீ. நீண்டால் அமெரிக்கப் புழு அழுகல். அந்தச் சட்டங்களை எதற்கும் பயன்படுத்தாமல் உங்கள் பகுதி வேளாண் அதிகாரிக்குத் தெரிவியுங்கள். பட்டினியில் செத்த பெட்டி என்றால் தேனீயைத் தூரிகையால் தட்டிவிட்டு, அடையை அப்படியே தரலாம். அறைக்குள் மிச்சமிருப்பவற்றைப் புதிய கூட்டம் இழுத்துப் போட்டுவிடும்.

கேள்வி: வசந்தத்தில் முதன்முதலில் எப்போது முழுமையாகத் திறக்கலாம்? மகரந்த உருண்டை வைத்தால் கூட்டம் சீக்கிரம் பெருகுமாமே?

காற்றில்லாத, வெயில் அடிக்கும், 13 முதல் 15 டிகிரியாவது இருக்கும் மதியம். பத்து நிமிடத்துக்குள் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: அறைக்கு ஒரு முட்டை, சீரான மூடிய புழு, குறைந்தது இரண்டு மூன்று சட்டம் தேன். ராணியைத் தேடி நேரம் கழிக்காதீர்கள், முட்டையே சாட்சி.

பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். குளிரின் நடுவில் நாள் நீளத் தொடங்கியதுமே ராணி மெல்ல முட்டையிட ஆரம்பிப்பாள். புழு வந்துவிட்டால் நடுவில் 34, 35 டிகிரி வேண்டும், தேன் செலவு தாவி ஏறும். குளிரைத் தாண்டிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் கடைசி ஐந்தாறு வாரத்தில்தான் பட்டினிச் சாவு அதிகம். முதல் பூ நன்றாகப் பூத்து மூன்று நாள் வெயில் அடிக்கும்வரை எடை பார்ப்பதை விடாதீர்கள்.

மகரந்த உருண்டையை இயற்கை மகரந்தம் வருவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு வையுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஒரு முறைக்கு அரைக் கிலோ. தொடங்கினால் வெளியே மகரந்தம் வரும்வரை நிறுத்தக் கூடாது. சீக்கிரமே வைத்தால் புழு பெருகும். நடுவில் ஒரு குளிர்வாரம் வந்தால், இருக்கும் கிழத் தேனீக்களால் அத்தனை புழுவையும் போர்த்த முடியாது. ஓரத்துப் புழுக்கள் விறைத்துச் சாகும். அதே காரணத்தால்தான் குளிர் விடும் முன் புழுச் சட்டங்களுக்கு நடுவில் காலிச் சட்டத்தைச் செருகவும் கூடாது.

கேள்வி: வசந்தப் பூ வரும்போது என் பெட்டிகள் இன்னும் பலவீனமாகவே இருக்கின்றன. பலம் வருவதற்குள் பூ முடிந்துவிடுகிறது. கூட்டத்தைப் பிரிப்பதற்கும் சரியான நாளைச் சொல்லுங்கள்.

முட்டை பணித்தேனீயாக வெளிவர 21 நாள். வெளியே பறந்து தேன் சேகரிக்கும் வயது வர மேலும் மூன்று வாரம். ஆக இன்று இட்ட முட்டை பூவுக்குப் போவது ஆறு வாரம் கழித்து. முக்கியப் பூக்காலம் தொடங்கும் நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் பின்னால் எண்ணுங்கள். அன்று ராணி முழு வேகத்தில் முட்டையிட வேண்டும். வெளியே தேன் வரத்து இல்லையென்றால் அந்நாளிலிருந்து சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகைக் கொடுங்கள், தேன் அடுக்கு வைக்கும் முன் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாகு தேனில் கலந்துவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய பெருக்கத்தையும் சட்டத்தைப் பார்த்தே கணக்கிடலாம். பெரிய சட்டத்தின் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 7,000 அறை. அதில் முக்கால் பங்கு மூடிய புழு இருந்தால் 5,000 தேனீ வரும், இரண்டு சட்டத்தை மூட அது தாராளம். நான்கு புழுச் சட்டம் இருந்தால் 12 நாளில் பெட்டி நெருக்கும். நெருக்கடி வந்த பின் இடம் கொடுத்தால் காலதாமதம். பத்தில் ஏழெட்டுச் சட்டம் தேனீயால் மூடியதுமே அடுத்த அடுக்கை ஏற்றுங்கள். புது ராணி வளரும் ராணி அறை, முட்டையிலிருந்து எட்டு, ஒன்பது நாளில் மூடப்படும். பெரும்பாலும் அப்போதுதான் பழைய ராணி கூட்டத்தோடு கிளம்புவாள். அதனால் வாரம் ஒருமுறை சட்டத்தின் அடி விளிம்பில் ராணி அறை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிரிக்கும் நாளை ஆண் தேனீ சொல்லும். ஆண் வெளிவர 24 நாள், இணைசேரும் பருவம் வர இன்னும் ஏறக்குறைய 12 நாள். ஓர் ஆண் புழு அறையைக் கீறிப் பாருங்கள். கண் ஊதா நிறமாகியிருந்தால் பிரிக்கலாம். பிரித்த பாதி இளம்புழுவிலிருந்து வளர்க்கும் ராணி வெளிவந்து பறக்கத் தயாராக மூன்று வாரமாகும், அதற்குள் அந்த ஆண்களும் பருவத்துக்கு வந்திருக்கும். முந்திப் பிரித்தால் ராணி இணை கிடைக்காமல் வெறும் ஆண் முட்டை இடுவாள்.

கேள்வி: வசந்தத்துக்கு எத்தனை காலிப் பெட்டி தயார் வைப்பது? எடுத்துவைத்த அடைகளை மெழுகு அந்து தின்கிறதே?

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தேன் அடுக்கு. இரண்டு கூட்டத்துக்கு ஒன்று வீதம் அடிப்பலகை, மூடியோடு முழுப்பெட்டி. குளிரில் சும்மா இருக்கும் நாட்களிலேயே சட்டம் அடித்துக் கம்பி கட்டி முடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியாத அளவு கறுத்த அடைகளை உருக்கிவிட்டு, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு புதிதாக மாற்றுங்கள். மிச்ச அடைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் அந்தின் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை நீர்த்துளி பைக்கு வெளியே படியட்டும், பிறகு திறந்து, வெளிச்சமும் காற்றும் ஓடும் இடத்தில் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.